கறுப்புத் திரையும் தமிழெழுத்தும்

வெள்ளகோவில் கரூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவே உள்ள ஊர். 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. விசைத்தறி, நூல் மில், எண்ணெய் ஆலை, முருங்கைக்காய் வியாபாரம் என்று ஊர்ப் பிழைப்பு ஓடுகிறது. பாவு பீமையும் ஊடை நூலையும் எடை போட்டுத் தறிக்காரருக்குக் கொடுப்பார்கள். நெய்து வரும் துணியை மீட்டர் கணக்கில் வாங்குவார்கள். வாரக் கடைசியில் கூலி முடிப்பார்கள். நூல் கிலோவில் போகும், துணி மீட்டரில் வரும், சேதாரமும் முன்பணமும் கழியும். இப்படி நாலு பக்கமும் ஓடும் கணக்கு நோட்டிலிருந்து கணினிக்கு மாறியது 1990களில். மாறியபோது அந்தக் கணக்கு தமிழை விட்டுவிட்டுப் போனது. தறிக்காரர் பெயர், ஊர்ப் பெயர், துணி ரகம் எல்லாமே கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் ஏறின. கூலி வாங்குபவர் சீட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது என்பது அன்று எல்லாரும் சொன்ன காரணம். ஆனால் 1980களிலேயே கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’யும், 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய ‘முரசு’ம் அதே கணினிகளில் தமிழைக் காட்டின. கட்டுரையோ கடிதமோ தமிழில் அடிக்க முடிந்தது. கணக்குப் பட்டியல் மட்டும் தமிழுக்கு வரவில்லை. திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வகுத்த ஏற்பாட்டில்தான் தடை இருந்தது. நிரலர்கள் அதை ஸ்கிரீன் பஃபர் என்பார்கள். திரை நினைவகம் என்று நாம் சொல்லலாம். இன்றைக்கும் சர்வரில் வேலை செய்பவர், நிரல் எழுதும் மாணவர், இயந்திரப் பலகையில் செய்தி காட்டுபவர் எல்லாரும் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது, தமிழ் அதில் எங்கே இடறுகிறது, இதுவரை செய்த வைத்தியங்கள் எவ்வளவு பலித்தன என்பதை முழுதாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

1981-இல் வந்த ஐபிஎம் பீசியின் எழுத்துத் திரை 80 நெடுவரிசை, 25 வரிசை. 80 என்ற எண் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் வழியாக வந்த எண். 80 × 25 என்றால் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்டுகள். முதலாவது எந்த எழுத்து என்று சொல்லும், இரண்டாவது என்ன நிறம் என்று சொல்லும். ஆக மொத்தம் 4,000 பைட்டுகளில் முழுத் திரையும் முடிந்துவிட்டது. நிற பைட்டில் 7 என்று போட்டால் கறுப்பின் மேல் சாம்பல். 30 என்று போட்டால் நீலத்தின் மேல் மஞ்சள். அந்த நீலமும் மஞ்சளும் டர்போ சி++ படித்த ஒரு தலைமுறைக்கே கண்ணில் ஒட்டிக்கொண்டவை.

நெசவு டிசைன் போடும் கட்டத்தாளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தாளில் ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் இடம். அங்கே பாவு மேலே வருமா கீழே போகுமா என்ற ஒரே கேள்விக்குத்தான் இடம் உண்டு. பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. திரையும் அப்படித்தான்.

அந்தத் திரையில் எழுத அன்று மூன்று வழிகள் இருந்தன. டாஸ் இயங்குதளத்திடம் சொல்லலாம், அது வரி முடிவு, திரை நகர்வு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் மெதுவாக. கணினியின் பயாஸிடம் சொல்லலாம். கர்சரை விரும்பிய இடத்தில் வைத்து எழுதித் தரும். மூன்றாவது வழி இருவரையும் தாண்டி நினைவகத்தில் நேராக எழுதுவது. வண்ணத் திரை அட்டைக்கு அந்த நினைவகம் பதினாறடிமான எண்ணில் பி800 என்ற பகுதியில் தொடங்கியது. வரிசை எண்ணை 80-ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டி, இரண்டால் பெருக்கினால் எழுத வேண்டிய இடம் கிடைக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணி 12-ஆம் வரிசை, 40-ஆம் நெடுவரிசை வேண்டுமென்றால் 2000. அந்த இடத்தில் ஒரு பைட்டு போட்ட நொடியில் திரை நடுவே எழுத்து நிற்கும். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். முதல் வண்ண அட்டையில் அதற்கு ஒரு விலையும் இருந்தது. திரையை வரைய அட்டை நினைவகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நிரலும் அதில் கை வைத்தால் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் பறக்கும். அதைத் தவிர்க்க, ஒளிக்கற்றை ஒரு வரியை முடித்துத் திரும்பும் இடைவெளிக்காகக் காத்திருந்து எழுதினார்கள். இன்னொரு வழி, கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது பக்கத்தில் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, பக்கத்தையே மாற்றிக் காட்டுவது. 16 கிலோபைட் நினைவகத்தில் அப்படி நாலு பக்கம் வைக்க இடம் இருந்தது.

கம்பெனிக் கணக்கு எழுதியவர்கள் இவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை. டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ போன்ற மொழிகளில் ‘@’ குறி போட்டு, வரிசை எண், நெடுவரிசை எண் கொடுத்து, ‘சே’ என்றால் அந்தக் கட்டத்தில் வாசகம் வரும். ‘கெட்’ என்றால் பூர்த்தி செய்யும் பெட்டி வரும். ஐந்தாம் வரிசை பத்தாம் கட்டத்தில் தறிக்காரர் பெயர், நாற்பதாம் கட்டத்தில் மீட்டர், ஐம்பத்தைந்தாம் கட்டத்தில் கூலி. அதே கட்டக் கணக்கு அப்படியே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் போகும். 80 நெடுவரிசைத் தாள், பெரிய பட்டியலென்றால் 132 நெடுவரிசைத் தாள், நடுவில் கார்பன். திரையில் நேராக நின்றது தாளிலும் நேராக நிற்கும். எழுத்தின் எண்ணிக்கை, பைட்டின் எண்ணிக்கை, கட்டத்தின் எண்ணிக்கை மூன்றும் ஒன்று என்ற நம்பிக்கையில் எழுந்த கட்டடம் அது. ஆங்கிலத்துக்கு அந்த மூன்றும் ஒன்றுதான். ஒரு சிறு தறிப்பட்டறை முதலாளி இரண்டே மாதத்தில் கணினிக்கு மாற முடிந்ததற்கு அந்த எளிமை காரணம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தமிழுக்கு அந்த மூன்றும் ஒன்றல்ல. ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். வெ, ள், ள, கோ, வி, ல் என்று நாம் எண்ணுவது ஆறு எழுத்து. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடம் உண்டு. அது 1988-ஆம் ஆண்டின் இந்திய இஸ்கி குறிமுறையைத் தழுவியது, ஆகவே உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெற்றன. வ, ெ, ள, ், ள, க, ோ, வ, ி, ல, ் என்று யூனிகோடு எண்ணுவது பதினொன்று. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 33 பைட்டு. டெர்மினல் எனப்படும் முனையத்தில் அது பிடிக்கும் கட்டங்கள் பெரும்பாலான மென்பொருள்களின் கணக்கில் ஒன்பது. ஆறு, பதினொன்று, முப்பத்து மூன்று, ஒன்பது. ஒரே பெயருக்கு நாலு நீளம்.

ஒன்பது எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்குஸ் கூன் எழுதி இலவசமாக வெளியிட்ட ஒரு சிறிய சி நிரல், ஒரு குறியெண் திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்கிறது. சீன, ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு. சாதாரண எழுத்துக்கு ஒன்று. முந்தைய எழுத்தின் மேல் ஏறி உட்காரும் குறிக்குச் சுழியம். ஏறி உட்காரும் குறி எது என்பதற்கு அவர் யூனிகோடு பட்டியலை நம்பினார். அந்தப் பட்டியல் தமிழ்க் குறிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போலத் தனக்கென இடம் பிடிப்பவை ஒரு வகை. புள்ளியைப் போல இடம் பிடிக்காதவை இன்னொரு வகை. இகரக் குறி ‘ி’ முதல் வகையில் இருக்கிறது. ஈகாரக் குறி ‘ீ’ இரண்டாவது வகையில் இருக்கிறது. எந்த எழுத்துருவிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம். மேலே ஒரு சுழி கூடுதல், அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கணக்கில் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம்.

நம் பட்டியலில் இது உடனே தெரியும். ‘கிலோ’ இரண்டு எழுத்து; க, ி, ல, ோ என்று நாலு கட்டம் வாங்கிக்கொள்கிறது. ‘மீட்டர்’ நாலு எழுத்து. ஈகாரத்துக்கும் இரண்டு புள்ளிக்கும் சுழியம் போக அதுவும் நாலே கட்டம். நூலை நிறுத்த கிலோவும் துணியை அளந்த மீட்டரும் திரையில் ஒரே நீளம்.

இதை வைத்து ஓர் ஊர்ப் பட்டியல் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சி மொழியின் ‘பிரிண்ட்எஃப்’ கட்டளையில் பெயருக்கு 15 இடம் ஒதுக்கினால் அது பைட்டுகளை எண்ணும். ‘கரூர்’ சரியாக 15 பைட்டு, ஆகவே ஓர் இடைவெளிகூடச் சேராது. அடுத்த நெடுவரிசை பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘வெள்ளகோவில்’ எல்லையைத் தாண்டிப் போய்விடும். பைத்தானில் ‘எல்ஜஸ்ட்’ கொண்டு அதையே செய்தால் அது குறியெண்களை எண்ணும். நிலைமை கொஞ்சம் தேவலை. ‘வெள்ளகோவில்’ 13 கட்டத்தில் முடியும், ‘காங்கேயம்’, ‘திருப்பூர்’ இரண்டும் 13, ‘கரூர்’ 14, ‘ஈரோடு’ 15. பெயரில் எத்தனை புள்ளியோ அத்தனை கட்டம் அடுத்த நெடுவரிசை இடப்பக்கம் இழுபடுகிறது. புள்ளியே இல்லாத ஈரோடு மட்டும் சொன்ன இடத்தில் நிற்கிறது. பட்டியல் கோணலாக வருவதைப் பார்த்த மாணவர்கள் ‘எழுத்துரு சரியில்லை’ என்று எழுத்துருவை மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிழை எழுத்துருவில் இல்லை, எண்ணுகிற இடத்தில் இருக்கிறது என்பதைக் கல்லூரியில் யாராவது ஒரு வகுப்பு நேரம் செலவிட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு அடுத்தது வரிசைச் சிக்கல். ‘வெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு மெய்யின் முன்னால் நிற்கிறது, நினைவகத்தில் பின்னால் நிற்கிறது. ‘கோ’வில் ஒரே குறி மெய்க்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் தெரியாத திரையில் இது நடக்காது. வ ஒரு கட்டத்திலும், புள்ளி வட்டத்தைத் தாங்கிய கொம்பு அடுத்த கட்டத்திலும் தனித்தனியாக வந்து நிற்கும். லினக்ஸின் வெறும் கன்சோலில் அதுகூட வராது. அங்கே எழுத்துருவில் மொத்தமே 512 வடிவங்களுக்குத்தான் இடம். வடிவங்களைச் சேர்த்து வரையும் வேலையை அது செய்வதில்லை.

இத்தனைக்கும் தமிழ் ஏற்கெனவே ஒரு சம அகல இயந்திரத்தில் நன்றாக வாழ்ந்திருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு தட்டலுக்கும் உருளை ஒரே அளவு நகரும். புள்ளிக்கு நகரா விசை உண்டு. அதை முதலில் தட்டிவிட்டு மெய்யைத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். கொம்பை முதலில் தட்டி, மெய்யைத் தட்டி, காலைத் தட்டினால் ‘கோ’. கண் பார்க்கும் வரிசையே கை தட்டும் வரிசை. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது. அதன்பின் உகர ஊகாரங்கள் நீங்கலாகப் பெரும்பாலான எழுத்துகள் ஒரே உதிரிகளின் சேர்க்கையாகிவிட்டன. இன்னும் அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இந்தச் சம அகலத் தமிழை வேகமாக அடிக்கிறார்கள். கட்டத்தில் தமிழ் அடங்காது என்று அடித்துச் சொல்பவர்கள் இந்தப் பொறியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய தமிழ் மென்பொருள்கள் இந்த வழியைத்தான் பிடித்தன. 1984-இல் வந்த இஜிஏ அட்டையிலிருந்து, எழுத்து வடிவங்களை நிரலே மாற்றி ஏற்றிக்கொள்ள முடிந்தது. 256 இடங்களில் கீழ்ப் பாதி ஆங்கிலத்துக்கு, மேல் பாதி தமிழ் உதிரிகளுக்கு. அப்படி ஏற்றினால் ஒரு சங்கடம் தவிர்க்க முடியாதது. பட்டியலைச் சுற்றிப் போடும் கட்டக்கோடுகளும் அதே மேல் பாதியில்தான் இருந்தன, ஆகவே கோடுகள் இருந்த இடத்தில் தமிழெழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். கான்பூர் ஐஐடியில் தொடங்கி, 1988-இல் புனேயில் அமைந்த சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் அட்டை வேறு வழியைக் காட்டியது. கணினிக்குள் செருகும் அந்த அட்டை, டிபேஸ் போன்ற எழுத்துத் திரை மென்பொருள்களை ஒன்றும் மாற்றாமலே இந்திய மொழிகளில் ஓடவைத்தது. மென்பொருள் தான் வழக்கமான கட்டங்களில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளும். அட்டை அதை எடுத்து இஸ்கி எழுத்தாகச் சேர்த்து வரையும். கருத்தளவில் அதைவிட நல்ல தீர்வு அன்று இல்லை. ஆனால் தனி அட்டைக்குக் காசு கொடுக்க வேண்டும், சிறு பட்டறைக்காரருக்கு அது கூடுதல் செலவு. ஆங்கிலத்தில் ஓடுகிறதே, போதும் என்று விட்டுவிட்டார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளை ஏற்றது. அதே காலத்தில் உலகத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கியது டிஸ்கி. இவற்றில் டாபும் டிஸ்கியும் உதிரி வடிவங்களைக் கண் பார்க்கும் வரிசையில் அடுக்குபவை. ஓர் உதிரிக்கு ஒரு பைட்டு என்பதால் கன்சோலில் அவை சிரமமில்லாமல் ஓடும். தேடல், அகரவரிசை, பிற மென்பொருளோடு பரிமாற்றம் என்று வரும்போது அவை தோற்றன, யூனிகோடு வென்றது. அந்த வெற்றி நியாயமானது. இன்று நம் கைப்பேசிகளில் தமிழ் ஓடுவது அதனால்தான். ஆனால் தட்டச்சுப் பொறி காலத்திலிருந்து வந்த சம அகல அறிவும் அந்த மாற்றத்தோடு போய்விட்டது, அதை யாரும் மறுபடி தேடவில்லை. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற முறையையும் அங்கீகரித்தது. அதில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும், உயிர்மெய் உட்பட, ஒரே குறியெண். கட்டத் திரைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அது இருப்பதால் உலக மென்பொருள்கள் அதை அறியாது. கன்சோலுக்கு அது வந்து சேரவேயில்லை.

விண்டோஸ் பக்கம் போவோம். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1, டாஸின் கட்டத் திரையைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தன் கன்சோலை அமைத்தது. கட்டத்துக்கு இரண்டு பைட்டு என்பது நாலானது: எழுத்துக்கு 16 பிட்டு, நிறத்துக்கு 16 பிட்டு. ‘ரைட்கன்சோல்அவுட்புட்’ என்ற கட்டளையில் ஒரு செவ்வகத்தை முழுதாக எழுதலாம். புதிதாக ஒரு திரை நினைவகம் உண்டாக்கி, அதில் மறைவாக எழுதி, தயாரானதும் அதை முன்னே கொண்டுவரலாம். பழைய வண்ண அட்டையின் பக்கம் மாற்றும் உத்தி இங்கே முறையான வசதியாகிவிட்டது. 16 பிட்டில் தமிழ்க் குறியெண் எதுவும் அடங்கும். ஆனாலும் ஒரு கட்டம் ஒரே ஒரு குறியெண்ணைத்தான் ஏந்தும் என்பதால் ‘கோ’ இரண்டு கட்டத்தில் பிளந்தே நின்றது. குறிமுறையை யுடிஎஃப்-8 ஆக்க 65001 என்று எண் கொடுத்தும் தமிழ் வரவில்லையே என்று தவித்த நிரலர்கள் எண்ணிலடங்கார். எண் மாறியதால் எழுத்து உள்ளே போனது, ஆனால் அதை வைக்கக் கட்டம் தயாராக இல்லை.

யூனிக்ஸ் உலகின் ஏற்பாடு முற்றிலும் வேறு. 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையத்தில் திரை நினைவகம் முனையத்துக்குள் இருந்தது. நிரல் அதைத் தொட முடியாது. கம்பி வழியாக எழுத்துகளையும், இந்த வரிசைக்குப் போ, திரையை அழி என்னும் எஸ்கேப் கட்டளைகளையும் அனுப்பலாம், அவ்வளவுதான். எழுதி முடித்தபின் கர்சர் எங்கே நிற்கிறது என்பதை நிரல் தானாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். முனையமும் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் வரை எல்லாம் சரி. ஒரு தமிழ்க் குறிக்கு ஒருவர் சுழியமும் மற்றவர் ஒன்றும் போட்டால், பின்னால் போய் ஓர் எழுத்தை அழிக்கும்போது வேறோர் எழுத்து அழியும். வரியின் முடிவில் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கும். முனையத்தில் தமிழில் ஒரு கோப்புப் பெயரை அடித்துத் திருத்திப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் பழக்கமானது. 2016 வாக்கில் விண்டோஸ் 10-உம் இந்த எஸ்கேப் கட்டளைகளை ஏற்கத் தொடங்கியது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் கன்சோலின் மூல நிரலையே வெளியிட்டு, விண்டோஸ் டெர்மினலை அறிவித்தது. புதிய நிரல்களுக்குப் பழைய கட்டளைகளை விட்டு எஸ்கேப் வழிக்கு வாருங்கள் என்பது இப்போது அவர்கள் தரும் அறிவுரை. ஆக, உலகம் முழுவதும் ஒரே வழிக்கு வந்துவிட்டது. அகலத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

விடைகள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் குறியெண் கூட்டத்தை ஓர் அலகாகப் பிரிக்க யூனிகோடு விதி வகுத்திருக்கிறது. அதன்படி எண்ணினால் வெள்ளகோவில் ஆறுதான். நம் வாய்ப்பாடும் அதுவும் ஒத்துப்போகின்றன. ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பும் ஒரு சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. விதியில் ஓட்டையும் உண்டு. 2023-இல் வந்த யூனிகோடு 15.1, தேவநாகரி, வங்கம், ஒடியா, தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் வைக்க வழி செய்தது. தமிழை அதில் சேர்க்கவில்லை. பெரும்பாலான சொற்களுக்கு அது பாதகமில்லை. ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் மட்டும் இரண்டாக உடையும். பாதி கம்பெனிப் பெயர்ப் பலகைகள் ஸ்ரீ என்று தொடங்கும் இந்த வட்டாரத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

எழுத்தைப் பிரித்தாகிவிட்டது, அதற்கு எத்தனை கட்டம்? விண்டோஸ் டெர்மினல் 2024-இல் முன்னோட்டப் பதிப்பொன்றில் எழுத்துக் கூட்டங்களை ஒரே அலகாகக் கையாளத் தொடங்கியது. காலிப்ரே மென்பொருளை எழுதிய இந்தியரான கோவித் கோயல் உருவாக்கும் ‘கிட்டி’ முனையம் 2025-இல் இன்னும் ஓர் அடி வைத்தது. இந்தச் சொல்லுக்கு இத்தனை கட்டம் எடுத்துக்கொள் என்று நிரலே முனையத்திடம் சொல்லும் வழியை அது முன்வைத்திருக்கிறது. நான் பார்த்தவற்றில் நோயின் வேருக்குப் போகும் மருந்து அது ஒன்றுதான். இரண்டு பேர் தனித்தனியே ஊகிப்பதை விட்டு ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்கிறார். அதை மற்ற முனையங்களும் ஏற்க வேண்டும்.

ஏற்றாலும் என்ன எண்ணைச் சொல்வது என்பதைத் தமிழர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சில புதிய நூலகங்கள் எல்லா உயிர்க்குறிக்கும் சுழியம் போட்டு, எழுத்துக்கு ஒரு கட்டம் என்கின்றன. கணக்கு சுலபம். ஆனால் ஆங்கில ‘ஐ’க்கு வைத்த அகலத்துக்குள் ‘ணோ’வை அடைத்தால் படிக்க முடியாது. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்பது ஜப்பானியர்களும் சீனர்களும் தம் எழுத்தைத் தாமே அளந்து, தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிய முடிவு. தமிழுக்கும் 247 எழுத்தையும் அளந்து ஓர் அட்டவணை வேண்டும். என் கருத்தில் மெய்யும் அகரமேறிய மெய்யும் இரண்டு கட்டம். கொம்போ காலோ சேர்ந்தால் மூன்று. இருபுறமும் குறி சேரும் ஒகர, ஓகார, ஔகாரங்கள் நாலு. உகர ஊகாரங்களைத் தட்டச்சுப் பொறி எப்படிக் கையாண்டது என்று பார்த்து முடிவு செய்யலாம். ‘கி’க்கும் ‘கீ’க்கும் ஒரே அளவு என்பதிலாவது யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இயந்திரங்களின் சிறு திரைகளையும் இதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தொழிலாளி தினம் பார்ப்பது அவற்றைத்தான். தறியிலும் பின்னல் இயந்திரத்திலும் எடைமேடையிலும் காணும் எழுத்துத் திரைகள் பலவற்றின் மூலவடிவம் 1980களின் ஹிட்டாச்சி எச்டி44780 என்ற சில்லு. அதன் திரை நினைவகம் மொத்தம் 80 பைட்டு. ஓரெழுத்துக்கு அகலம் ஐந்து புள்ளி, உயரம் எட்டு. ஜப்பானியர்கள் உருவாக்கியதால் அதன் ஒரு பதிப்பில் ஆங்கிலத்தோடு கதகானா எழுத்துகள் பிறவியிலேயே பதிந்து வந்தன. நாம் விரும்பும் வடிவம் போட்டுக்கொள்ள எட்டு இடம் உண்டு. ‘நூல் அறுந்தது’ என்ற எச்சரிக்கைக்கு நூ, ல், அ, று, ந், த, து என்று ஏழு வடிவம் போதும். எட்டுக்குள் அடங்கிவிடுகிறது, ஓர் இடம் மிச்சம். ஐந்து புள்ளி அகலத்தில் ‘நூ’வையும் ‘று’வையும் தெளிவாக வரைய முடியுமா என்றால் முடியாது; இரண்டு கட்டம் கொடுத்தால் எட்டு இடம் போதாது. புள்ளிகளாலான வரைபடத் திரைகள் மலிவாகக் கிடைக்கும் இன்று புதிய இயந்திரத்துக்கு இந்தக் கட்டத் திரையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத் தெரிந்து பழக்கம் ஒன்றுதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இதே வாதம் பொருந்தும். வரைபடத் திரை இருந்தால் ஒடியாவும் இந்தியும் அதில் வரும்.

அட்டவணையும் ஒப்பந்தமும் வரும் வரை, முனையத்தில் தமிழ்ப் பட்டியல் போடுகிறவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெடுவரிசைகளை இடைவெளி நிரப்பி நேராக்குவதை விட்டுவிடுங்கள். எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்புக்குறி, நெடுவரிசை எண், ஆங்கிலப் பெரிய ‘ஜி’. இந்த நாலும் சேர்ந்தால் அதே வரியில் சொன்ன நெடுவரிசைக்குக் கர்சர் போய்விடும். பெயரை அச்சிட்டுவிட்டு 30-ஆம் நெடுவரிசைக்குப் போகச் சொல்லி மீட்டரை எழுதுங்கள், 42-க்குப் போகச் சொல்லிக் கூலியை எழுதுங்கள். முனையம் பெயருக்கு ஆறு கட்டம் போட்டாலும் ஒன்பது போட்டாலும் எண்கள் நேராக நிற்கும். இன்னும் எளிய வழி, தமிழ் நெடுவரிசையைக் கடைசியில் வைப்பது: முதலில் வரிசை எண், பிறகு மீட்டர், கிலோ, கூலி, வலக்கோடியில் தறிக்காரர் பெயரும் ஊரும். அதற்குப் பிறகு கோண வேண்டியது எதுவும் இல்லை.